8 அணிகள், 160 வீரர்கள், ஒரே அறை!

மைதானம் இல்லை, பந்து இல்லை, ஓடுவதற்குக் கால்வலுவும் தேவையில்லை. ஆனாலும் நீங்கள் ஓர் அணிக்குச் சொந்தக்காரர் ஆகலாம்! எப்படி என்கிறீர்களா?

1962-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 'ரைடர்ஸ்' என்றொரு அணி இருந்தது. அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் பெரும்பாலும் ஓடுவார்கள். அந்த ஆண்டு ஆடிய 14 ஆட்டங்களில் அந்த அணி வென்றது ஒன்றே ஒன்றுதான். பாவம்!

அணியின் பங்குதாரர்களில் ஒருவர் வில்ஃப்ரெட் விங்கன்பாக். வெளியூர் ஆட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தபோது, ஓட்டலில் சில நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு புது விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். நாம் ஒவ்வொருவரும் நிஜ வீரர்களிலிருந்து ஓர் அணியைத் தாளில் அமைப்போம். அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகள் நம் கணக்கில் சேரட்டும். இவ்வளவுதான் யோசனை!

1963 ஆகஸ்டில் விங்கன்பாக் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மொத்தம் 8 அணிகள், அணிக்கு 20 வீரர்கள். ஒருவர் எடுத்துவிட்ட வீரரை மற்றவர் தொடக்கூடாது. முதல் வாய்ப்பு பெற்றவர்கள் ஜார்ஜ் பிளாண்டாவை எடுத்தார்கள். ஏன் தெரியுமா? அவர் பந்தை வீசவும் செய்வார், உதைத்துப் புள்ளி எடுக்கவும் செய்வார். ஒருவரை எடுத்தால் இரண்டு வேலை! ஆனால் ஜிம் பிரவுன் என்ற வீரரை அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தப் பருவத்தில் பிரவுன் பந்தோடு ஓடிய தூரம் 1,863 கெஜம். அந்தச் சாதனையை முறியடிக்க 10 ஆண்டுகள் ஆயின!

சரி, இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், கூட்டல்தான். 8 பேர் வரிசையாக எடுக்கிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் மறுபடி முதல் ஆளிடமே போனால் என்ன ஆகும்? முதல் ஆளுக்கு 1-வது, 9-வது வாய்ப்பு, கூட்டினால் 10. கடைசி ஆளுக்கு 8-வது, 16-வது, கூட்டினால் 24. கடைசி ஆள் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் மீதியைத்தான் பொறுக்க வேண்டும். இது நியாயமா?

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டாம் சுற்றில் வரிசையைத் திருப்பிவிட வேண்டும். கடைசியில் எடுத்தவர் உடனே இன்னொருவரையும் எடுப்பார். இப்போது முதல் ஆளுக்கு 1, 16. கடைசி ஆளுக்கு 8, 9. இரண்டும் 17! நடுவில் இருப்பவர்களுக்கும் கூட்டிப் பாருங்கள், அதே 17 வரும். பாம்பு வளைந்து வளைந்து போவதுபோல் இருப்பதால் இதைப் பாம்பு வரிசை என்கிறார்கள். நம் ஊரில் உத்தி பிரிப்போமே, அதுவும் நியாயத்துக்காகத்தான்: சம பலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து, ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

நீங்களும் கிரிக்கெட்டில் செய்து பார்க்கலாம். நாலு பேர் திண்ணையில் கூடுங்கள். ஆளுக்கு 5 வீரர்கள் போதும். ஓர் ஓட்டத்துக்கு 1 புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு 20 புள்ளி என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். (நடுவில் விதியை மாற்றும் ஆசாமி ஒருவன் எல்லா வகுப்பிலும் உண்டு!) மறுநாள் பேப்பரில் வரும் ஸ்கோரைப் பார்த்துக் கூட்டுங்கள். காசு மட்டும் வைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நம் நாட்டில் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள்.

நேரில் உட்கார்ந்து எடுப்பதில்தான் சுவையே இருக்கிறது. நீங்கள் மனசுக்குள் ஒளித்து வைத்திருந்த பெயரை எதிரில் இருப்பவன் சொல்லிவிடுவான். அப்போது உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

பள்ளி மைதானத்தில் அணி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளைகளை நான் 30 வருடமாகப் பார்த்திருக்கிறேன். இந்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளையும் ஒரு கேப்டன். கூப்பிடுகிறவனே அவன்தான்! அதற்காகவே எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும்.

ஓக்லண்ட் நண்பர்கள் கடைசி இடம் பிடித்தவருக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். மரத்தில் செதுக்கிய பந்து முகம், அதன் தலையில் மக்குப் பையன்களுக்கு மாட்டும் கூம்புத் தொப்பி! தோற்றவர் அதை வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அடுத்த பருவம் முடியும்வரை!