கல்லாவில் ஓவியர்

கூட்டுறவு என்றதும் நமக்குப் பால் சங்கமும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும். ஓவியர்களும் அப்படிச் சங்கம் சேர்ந்து கடை போடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஜெரோம் என்ற மலையூரில் போட்டிருக்கிறார்கள்.

ஜெரோம், செம்புச் சுரங்கத்தால் பிறந்த ஊர். சுமார் 5,000 அடி உயரம். செங்குத்தான சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். பூமிக்கடியில் ஓயாமல் வெடி வைத்ததில் நிலம் நகர்ந்து, ஊர்ச் சிறைச்சாலையே 200 அடிக்கு மேல் சறுக்கிக்கொண்டு போய்விட்டது. கைதி தப்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், சிறையே தப்பிய ஊர் இது. 1920-களில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இடத்தில், 1953-இல் சுரங்கம் மூடியபின் நூறு பேர்கூட மிஞ்சவில்லை என்கிறார்கள். காலி வீடுகள் மலிவாகக் கிடைத்தன. மலிவான கூரை எங்கே என்று மோப்பம் பிடிப்பதில் கலைஞர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒவ்வொருவராக வந்து குடியேறினார்கள்.

2020 கணக்கெடுப்பின்படி ஊரில் 464 பேர். இவர்களை நம்பி ஓவியம் விற்க முடியாது. வாங்குகிறவர்கள், மலை பார்க்க வரும் பயணிகள். அவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் முக்கியத் தெருவில் கடை வேண்டும். வாடகை ஒருவரால் தாங்காது. தாங்கினாலும், நாளெல்லாம் கடையில் உட்கார்ந்தால் வரைவது எப்போது? தனியார் காட்சிக்கூடத்திடம் கொடுத்தால், விற்ற விலையில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்த முடிச்சைத்தான் கூட்டுறவு அவிழ்க்கிறது. உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். வாடகையும் மின்கட்டணமும் அதிலிருந்து போகும். மாதத்தில் சில நாள் ஒவ்வொருவரும் முறைவைத்துக் கடையில் உட்கார வேண்டும். சம்பளத்துக்கு ஆள் இல்லாததால் கூடம் பிடிக்கும் கழிவு குறைவு, விலையின் பெரும்பங்கு வரைந்தவருக்கே. இத்தகைய கூடங்களின் பொதுவான ஏற்பாடு இது. விகிதங்கள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். பெரிய கூடங்கள் சீண்டாத இளம் ஓவியர்கள் 1950-களிலேயே நியூயார்க்கின் பத்தாம் தெருவில் இதைச் செய்து காட்டினார்கள்.

சந்தா கட்டினால் மட்டும் சேர்ந்துவிட முடியாது. இருக்கிற உறுப்பினர்கள் படைப்புகளைப் பார்த்து முடிவு செய்வார்கள். வாசலுக்கு எதிர்ச்சுவர் யாருக்கு என்பதில் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். அதனால் பல கூடங்களில் சுவர்களைச் சுழற்சி முறையில் மாற்றிக் கொடுக்கிறார்கள். கணக்கு எழுதுவதும் தரை கூட்டுவதும்கூட இவர்கள் வேலைதான். வரைய மட்டும் தெரிந்தவருக்கு இது ஒத்துவராது.

ஜெரோமின் கலைஞர் கூட்டுறவுக் காட்சிக்கூடம் முக்கியத் தெருவில், பழைய ஹோட்டல் ஜெரோம் கட்டடத்தில் இருக்கிறது. போக வாய்த்தால், விலையை அப்புறம் விசாரிக்கலாம். கல்லாவில் இருப்பவரிடம் முதலில், “இதில் உங்களுடையது எது?” என்று கேளுங்கள்.