கடத்தி என்னும் சொல்

ரேணிகுண்டாவிலிருந்து காளத்திக்குச் செல்லும் வழியில் ஏர்பேடு என்னும் ஊர் உள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. 2015-ல் தொடங்கப்பெற்ற இரண்டு மத்திய அரசு நிறுவனங்கள், அதாவது திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதி இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சிக் கழகமும், இம்மண்டலத்திலேயே தம் வளாகங்களை அமைத்துக் கொண்டுள்ளன. வளாகங்களுக்கு வெளியே நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயல்கள். தெலுங்கோடு தமிழும் கலந்து ஒலிக்கும் வட்டாரம்.

ஆங்கிலத்தில் ‘வெக்டர்’ என வழங்கும் ஒரே சொல் இத்தகைய ஒரு சிறு வட்டத்திற்குள்ளேயே மூன்று பொருள்களில் நடமாடுகின்றது. பௌதிக ஆசிரியருக்கு அது அளவும் திசையும் ஒருங்கே உடைய கணியம். சுகாதார ஊழியருக்கு அது மலேரியாவைப் பரப்பும் கொசு. மரபியல் ஆராய்ச்சியாளருக்கோ, ஒரு ஜீனை வேறோர் உயிரணுவினுள் கொண்டு சேர்க்கும் டி.என்.ஏ. வளையம். மூன்றுக்கும் வேர் ஒன்றே. சுமந்து செல்பவன் என்பதே அந்த லத்தீன் சொல்லின் பொருள். கோளைச் சூரியனோடு இணைக்கும் கோட்டினை 18ஆம் நூற்றாண்டு வானநூலார் இப்பெயரால் குறித்தனர்; கோளைச் சுமந்து சுழலும் கோடு என்பது அவர்கள் கருத்து. 1840-களில் அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் அதனைக் கணிதத்தில் இன்றைய பொருளில் நிலைநிறுத்தினார். கொசுவுக்கும் பூச்சிக்கும் அப்பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் இச்சொல் இரண்டாகப் பிரிந்து விட்டது. பௌதிகத்தில் வெக்டர் என்றோ திசையன் என்றோ எழுதுகிறோம். உயிரியலில் கடத்தி என்கிறோம். இலங்கைத் தமிழர் மட்டும் இரண்டையும் பிரிக்கவில்லை. அவர்களுக்குப் பௌதிக வெக்டர் ‘காவி’, கொசு ‘நோய்க்காவி’. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடி என்பதும் அதனடியாகப் பிறந்ததே. மூலச்சொல்லின் பொருளை இதைவிட அழகாகத் தமிழாக்க இயலாது என்றே தோன்றுகிறது.

நாம் மேற்கொண்ட கடத்தி என்னும் சொல்லுக்கு வேறொரு தொல்லை உண்டு. அது முன்னரே பௌதிகத்தில் குடியேறிய சொல். செம்பும் அலுமினியமும் மின்கடத்திகள் என்று ஆரம்பப் பள்ளி மாணவனும் அறிவான். தெலுங்கிலும் இதே நிலைதான்: மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பியும் ‘வாஹகம்’, நோயைக் கொண்டு செல்லும் கொசுவும் ‘வாஹகம்’. ஆகவே ஏர்பேட்டில் தெலுங்கில் பாடம் சொல்லும் ஆசிரியரும், எல்லைக்கு இப்பால் தமிழில் பாடம் சொல்லும் ஆசிரியரும் ஒரே இடர்ப்பாட்டையே சந்திக்கின்றனர்.

செம்புக் கம்பியைப் போன்றே கொசுவும் வாங்கியதை அப்படியே வழங்குகிறது என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, அக்கிருமி அங்கே வளர்ந்து கொண்டிருந்தது. கொசுவின் உடலில் ஏறத்தாழப் பத்து நாட்களோ அதற்கு மேலோ வளர்ந்த பின்னரே அது உமிழ்நீரை அடைந்து அடுத்தவருக்குச் செல்லும். இந்த இடைக்காலத்திற்குள் கொசு மடிந்துவிட்டால் நோய் பரவாது. சுவர்களில் மருந்து தெளிக்கும் முறை பயன் தருவதும் இதனாலேயே.

நிலக்கடலையில் மொட்டுக் கருகல் நோயைப் பரப்பும் இலைப்பேனின் செய்தி இன்னும் நுட்பமானது. இளம்புழுப் பருவத்தில் நோயுற்ற செடியை உண்ட இலைப்பேன் மட்டுமே, வளர்ந்தபின் அவ்வைரசைப் பரப்ப வல்லது. வளர்ந்த பூச்சி எத்தனை முறை நோயுற்ற செடியில் அமர்ந்தாலும் புதிதாகக் கடத்தியாக மாறுவதில்லை. உளுந்தின் மஞ்சள் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈக்கு இந்த வரம்பு இல்லை. கடத்தி என்ற ஒரே பெயர் இவ்விரு பூச்சிகளுக்கும் பொதுவாயினும், வயலில் செய்ய வேண்டுவது வேறு வேறு என்பதை வேளாண்மை ஊழியர் அறிவர்.

ஆய்வுக்கூடத்துக் கடத்தி முற்றிலும் வேறு இனம். 1973-ல் கோஹன், பாயர் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளும் அவர்தம் குழுவினரும், பாக்டீரியாவில் இயல்பாக உள்ள சிறு டி.என்.ஏ. வளையத்தை வெட்டி, அதில் வேற்று ஜீனை ஒட்டி, மீண்டும் பாக்டீரியாவினுள் செலுத்திக் காட்டினர். அந்த வளையமே கடத்தி. செடிகளில் இப்பணிக்கு அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் உயிரின் வளையம் உதவுகின்றது. கழலை உண்டாக்கும் அதன் ஜீன்களை நீக்கிவிட்டே அதனைக் கையாளுகின்றனர். 2002-ல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி இவ்வழியில் உருவானதே. இங்கே கடத்தி மனிதன் தேர்ந்தெடுத்த கருவி, பூச்சியன்று, நோயுமன்று.

இவற்றிலெல்லாம் பொருள் மயக்கம் நேர்ந்தால் தேர்வில் சில மதிப்பெண் குறையும், அல்லது ஒரு தெளிப்பு வீணாகும். ஒரேயோர் இடத்தில்தான் அம்மயக்கம் குடும்பத்தைத் தொடுகின்றது. மரபியலில் மனிதரையே கடத்தி என்று சொல்லும் இடம் அது.

கதிர் அரிவாள் இரத்தசோகை என்பது பரம்பரை நோய். ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால், உயிர்வாயு குறைந்த நிலையில் சிவப்பணு அரிவாளைப் போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, கடும் வலியை உண்டாக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய ஜீனைப் பெற்றவருக்கே இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் சாதாரண வாழ்வில் பொதுவாக நலமாகவே இருப்பார். இவரைத்தான் மரபியல் நூல்களில் பலர் ‘நோய் கடத்தி’ என்று எழுதி வருகின்றனர்.

இந்தியாவில் இந்த ஜீன் இருப்பதை முதலில் வெளிப்படுத்திய ஆய்வுகளில் ஒன்று நீலகிரிக்கு உரியது. 1952-ல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அம்மலைப் பழங்குடியினரிடையே அதனைக் கண்டு எழுதினர். 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. ஆந்திரமும் தமிழ்நாடும் உட்பட 17 மாநிலங்களில், 40 வயது வரையிலான சுமார் 7 கோடி மக்களைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் இந்நோயைப் பொதுநலப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீக்குவதும் அதன் நோக்கம். பரிசோதனையின் முடிவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்பவர் பெரும்பாலும் கள ஊழியரே.

அவர் ஓர் இளம்பெண்ணிடம், ‘நீங்கள் நோய் கடத்தி’ என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். கொசுவும் கடத்தி என்று அதே ஊழியர் சென்ற மாதம் சொல்லிச் சென்றிருப்பார். அப்பெண்ணும் சுற்றத்தாரும் என்ன முடிவுக்கு வருவர்? அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் நோய் ஒட்டும் என்றுதான். இதற்கு மேல், கடத்தல் என்றாலே இப்பகுதியில் செம்மரக் கடத்தல்தான் நினைவுக்கு வரும். 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது மரம்வெட்டிகள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அதனை மறவாத மலைக் குடும்பங்களில் இச்சொல் எப்படிச் சென்று விழும் என்பதை அகராதியைப் பார்த்து அறிய இயலாது.

இம்மயக்கத்தை நம் மக்களின் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. ஆங்கிலத்திலும் ‘கேரியர்’ என்னும் சொல் முதலில் தொற்றுநோய்க்கு உரியதாக இருந்தது. நியூயார்க்கில் மேரி மாலன் என்னும் சமையற்காரி, தான் நோயுறாமலே பிறருக்கு டைபாய்டு காய்ச்சலைப் பரப்பியது 1907-ல் கண்டறியப்பட்டது. அவள் வாழ்நாளில் இருபத்தாறு ஆண்டுகள் தனிமையில் வைக்கப்பட்டாள். அந்தச் சொல்லே மரபியலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பயனும் அவ்வாறே அமைந்தது. ஒற்றை ஜீன் மட்டும் உடைய நலமான இளைஞர்களை அமெரிக்க விமானப்படைக் கல்லூரி 1981 வரை சேர்க்க மறுத்தது. கிரேக்க நாட்டில் ஆர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் 1970-களில் பரிசோதனை நடந்தபோது, ஜீனை உடையவர் திருமணச் சந்தையில் ஒதுக்கப்பட்டனர். ஆகவே சிலர் உண்மையை மறைத்தே மணந்தனர். எதனைத் தடுக்கப் பரிசோதனை நடந்ததோ, அதற்கே அது வழிவிட்டது.

இதில் விந்தையான செய்தி ஒன்றுண்டு. ஒற்றை அரிவாள் ஜீனை உடையவருக்குக் கடுமையான பால்சிபாரம் மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்புக் கிட்டுகிறது என்று 1954-ல் ஆண்டனி அலிசன் ஆப்பிரிக்காவில் கண்டு காட்டினார். மலேரியா மிகுந்த காடுகளில் வாழ்ந்த மக்களிடையே இந்த ஜீன் நிலைத்து நிற்பதற்குக் காரணமும் இதுவே. கொசு என்னும் கடத்தி கொண்டுவரும் நோயை, நாம் கடத்தி என்று பெயரிட்ட மனிதரின் குருதி தடுத்து நிற்கின்றது! இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டியது பொருத்தமன்று.

வேறு சொல் யாது? ‘பண்பு உடையவர்’ என்று எழுதுவோர் உண்டு. தமிழில் அது சான்றோரைக் குறிப்பதாகிவிடும், எனினும் தீங்கில்லை. ‘ஜீன் தாங்கி’ என்பது அதனினும் நன்று. சுமைதாங்கிக் கல் சுமையை ஏற்று நிற்கிறதேயன்றி வழிப்போக்கர் மீது ஏற்றுவதில்லை. எந்தச் சொல்லை ஆண்டாலும், ‘உங்களுக்கு நோய் இல்லை, நோய்க்குரிய ஜீன் ஒன்று உங்களிடம் இருக்கிறது, தொடுவதாலோ உடன் உண்பதாலோ அது யாருக்கும் போகாது, பிள்ளைகளுக்கு மட்டும் போகக்கூடும்’ என்னும் நான்கு வாக்கியங்களை அதனோடு சேர்த்துச் சொல்வது இன்றியமையாதது. கணவனும் மனைவியும் ஆகிய இருவருமே தாங்கிகளாயிருந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் வரும். ஒருவர் அரிவாள் ஜீனும் மற்றவர் தலசீமியா ஜீனும் உடையவராயினும் பிள்ளைக்கு நோய் வரலாம். இதனை ஊழியர் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

நான்கில் ஒன்று என்னும் கணக்கை விளக்குவதற்குத் தாய ஆட்டத்துப் புளியங்கொட்டை போதும். ஒரு புறம் வெண்மை தெரியத் தேய்த்து, மறுபுறம் தேய்க்காமல் விட்ட கொட்டை ஒரு தாங்கி. வெள்ளைப் புறம் மாறிய ஜீன். இரண்டு கொட்டைகளைச் சேர்த்து வீசும் ஒவ்வொரு வீச்சும் ஒரு பிள்ளைப்பேறு. இரண்டும் வெள்ளை விழுந்தால் நோயுள்ள பிள்ளை; ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு என்றால் பெற்றோரைப் போல் தாங்கி; இரண்டும் கருப்பு என்றால் அந்த ஜீன் அறவே இல்லாத பிள்ளை. நூறு முறை வீசினால் இரட்டை வெள்ளை ஏறக்குறைய இருபத்தைந்து முறை விழும். சரியாக இருபத்தைந்து விழாது. முதல் வீச்சில் இரட்டை வெள்ளை விழுந்துவிட்டதால் அடுத்த மூன்று வீச்சிலும் அது விழாது என்று கொட்டைக்குத் தெரியாது. முதற்பிள்ளை நோயோடு பிறந்த வீட்டில் இதனைக் கட்டாயம் வீசிக் காட்ட வேண்டும். பிறகு ஒரு கொட்டையை எடுத்துவிட்டு, இருபுறமும் தேய்க்காத கொட்டையை அதற்குப் பதிலாக வைத்து வீசச் சொல்லலாம். எத்தனை முறை வீசினாலும் இரட்டை வெள்ளை விழாது.