அறிவை பல்பில் அல்ல, சுவிட்சில் வையுங்கள்

1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் லிட்ரோனிக்ஸ் ஒன்று. எல்.இ.டி. செய்வதுதான் அதன் தொழில். பிறகு அது சீமென்ஸ் கைக்குப் போய், ஒஸ்ராம் ஆனது. 2009-இல் ஒஸ்ராம் பினாங்கிலேயே எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்தது. லுமிலெட்ஸ் ஆலையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நம் அக்காமாரும் அத்தைமாரும் நுண்நோக்கியில் கண் வைத்து ஷிப்டு வேலை பார்த்த இடம் அது. இத்தனை காலம் உலகத்துக்கு ஒளி செய்து அனுப்பிய ஊரில் இன்று கைப்பேசிக்குக் கட்டுப்படும் ஸ்மார்ட் விளக்குகள் வீடு வீடாக ஏறுகின்றன. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்பது என் கருத்து.

வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல ஒளிச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்மார்ட் பல்பில் இதோடு ஒரு சின்னக் கணினியும் வானொலி அலைவாங்கியும் சேர்ந்திருக்கின்றன. பல பல்புகளில் மங்கலாக்குவது என்றால், சில்லை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறையோ அதற்கும் மேலோ அணைத்து ஏற்றுவதுதான். கண் அதை மங்கலாக உணர்கிறது.

சிக்கல் சுவரில் இருக்கிறது. வீட்டில் யாராவது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டால், அந்த பல்புக்கு மின்சாரமே இல்லை. செயலியில் எவ்வளவு தட்டினாலும் எரியாது. ஸிக்பீ வகை பல்புகளில் இன்னொரு பாதிப்பும் உண்டு. இவை செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்துகின்றன. ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் நீளமானவை, தடித்த செங்கல் சுவர்கள் கொண்டவை. முன்கூடத்து அலை பின்னறையை எட்டுவதே இந்தக் கடத்தலால்தான். நடுக்கூடத்து விளக்கைச் சுவரில் அணைத்தால், பின்கட்டு விளக்கும் தொடர்பை இழக்கலாம். பாட்டி விளக்கைப் போட யாருடைய கைப்பேசியையோ தேட வேண்டியிருந்தால், அந்த ஏற்பாடு தோற்றுவிட்டது.

ஆகவே கூடம், அடுப்படி, படிக்கட்டு இவற்றுக்கு ஸ்மார்ட் சுவிட்சுதான் சரி. கையால் தட்டினாலும் எரியும், செயலியாலும் எரியும், பல்பு சாதாரண பல்பாகவே இருக்கலாம். ஆனால் இங்கே பழைய வயரிங் குறுக்கே நிற்கும். பல பழைய வீடுகளில் லைவ் கம்பி மட்டும் சுவிட்சுக்கு இறங்கி மீண்டும் மேலேறும்; நியூட்ரல் கம்பி கூரையோடு நின்றுவிடும். ஸ்மார்ட் சுவிட்சோ எப்போதும் விழித்திருக்க வேண்டியது. அதற்கு மின்சுற்று முழுமையாக வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகைகள், அணைத்த நிலையிலும் விளக்கின் வழியாகச் சிறிது மின்சாரத்தை ஓடவிட்டுப் பிழைத்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தாது. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும், இரவெல்லாம் மினுக்கிக்கொண்டிருக்கும். விளக்கின் இரு முனைகளுக்கு இடையே ஒரு மின்தேக்கியை இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மின்கட்டணம் குறையும் என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காத்திருக்கும் ஸ்மார்ட் பல்பு அரை வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். சாமான் அறையில் 9 வாட் பல்பு நாளுக்கு அரை மணி நேரம் எரிந்தால் செலவு 4.5 வாட்மணி, மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் சும்மா காத்திருக்க ஏறக்குறைய 11.75 வாட்மணி. எரிவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த அறைக்கு வெறும் எல்.இ.டி. போதும்.

ஸ்மார்ட் பல்பு உண்மையிலேயே பயன்படுவது படுக்கையறையில். நம் விழித்திரையில் பார்வைக்கு அல்லாமல் பொழுதை அறிவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிக விழிப்பானவை. இரவில் அவை தூண்டப்பட்டால் உறக்கத்துக்கான மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பு தள்ளிப்போகும். நாம் விரும்பி வாங்கும் 6500 கெல்வின் 'டேலைட்' விளக்கில் அந்த நீலம் தாராளம். மாலையானதும் 2700 கெல்வினுக்கு இறங்கி, படுக்கும் நேரத்தில் மங்கும்படி அமைத்தால் உடலுக்கு நல்லது. பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில்தான் மறைகிறது. ஒருமுறை நேரம் குறித்துவிட்டால் மாற்றத் தேவையே இல்லை.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் அறிவிப்பின்றி நின்றன. அதன் செயலியை நம்பியிருந்த வீடுகள் தவித்தன. இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் கருவியாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கென அதே ஆண்டு வெளிவந்த 'மேட்டர்' என்ற பொதுத் தரம் அதற்கு வழி செய்கிறது. இடிமழையில் மின்சாரம் போய் நள்ளிரவில் திரும்பும்போது பல்பு தானாக முழு வெளிச்சத்தில் எரியாதபடி அமைப்பில் மாற்றிவையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.