முயலுக்குப் பழம் எவ்வளவு?

கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில், கலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் வளர்ப்புப் பிராணிச் சந்தையில் முயல்களும் விற்பனைக்கு வருகின்றன. முயலை வீட்டிற்குக் கொணர்ந்ததும் நாம் அன்புடன் நீட்டுவது பெரும்பாலும் பழத் துண்டையே. அதுவும் ஆவலுடன் உண்ணும். ஆயினும் அதன் குடல் புல்லுக்கென அமைந்தது.

புல்லின் நார்ச்சத்தைச் செரிக்கச் செய்பவை முயலின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். சர்க்கரை மிகுந்தால் அவற்றின் சமநிலை குலையும். வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே அன்றாட உணவில் பெரும்பங்கு உலர்புல்லாகவோ அறுகம்புல்லாகவோ இருத்தல் வேண்டும்.

மூன்று மாதம் நிறையாத குட்டிக்குப் பழம் வேண்டாம். வளர்ந்த முயலுக்கு வாரம் ஓரிரு முறை, ஒரு தேக்கரண்டி அளவு போதும். ஆப்பிள் விதைகளையும் மாம்பழம், லிச்சி ஆகியவற்றின் கொட்டைகளையும் அகற்றிவிடுவோம். உலர்திராட்சையில் சர்க்கரை செறிந்திருப்பதால் தவிர்ப்பது நன்று. அவகாடோ முயலுக்கு நஞ்சு.

முயல் தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. 12 மணி நேரம் உண்ணாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால், மறுநாள்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை நாடுவோம். கொல்கத்தாவாசிகளுக்குப் பெல்காச்சியாவிலேயே கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் உள்ளது.