ஏறும் பங்கை வாங்குவது சுலபம்... இறங்கும்போது விற்க மனசு வருமா?

திருவண்ணாமலை,

14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் எடுத்த எடுப்பிலேயே ஓடினால் பாதி வழியில் உட்கார வேண்டியதுதான். சீராக நடப்பவர்தான் சுற்றி முடிப்பார். பங்குச்சந்தையிலும் இதே கதைதான்.

விலை ஏறத் தொடங்கிய பங்கை வாங்குவது, ஏறும்வரை விட்டு வைப்பது, இறங்கினால் விற்றுவிட்டு வெளியே வருவது. இதற்குப் பெயர் 'டிரெண்ட் பாலோயிங்'.

ரூ.100-க்கு வாங்கும்போதே, ரூ.90 ஆனால் விற்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதுதான் 'ஸ்டாப் லாஸ்'. 10 முறையில் 6 முறை தலா ரூ.10 போனால் நஷ்டம் ரூ.60. மற்ற 4 முறை தலா ரூ.30 வந்தால் லாபம் ரூ.120. ஆனால் விலை ஏறாமல் இறங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் சின்ன நஷ்டம் அடுத்தடுத்து வரும்.

1983-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வியாபாரி, புது ஆட்களுக்கு 2 வாரம் இந்த விதிகளை சொல்லிக் கொடுத்து தன் பணத்தையும் கொடுத்தார். பலர் லாபம் பார்த்தனர்.

கஷ்டம் விதியில் இல்லை, மனசில்தான். கவர் டிரைவ் அடித்து அவுட் ஆகி வந்த டெண்டுல்கர், 2004 ஜனவரி சிட்னி டெஸ்டில் அந்த ஷாட்டையே ஒதுக்கி வைத்தார். அவுட் ஆகாமல் 241 ரன் குவித்தார். அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் வராது.

2021-22 முதல் 3 நிதி ஆண்டுகளில் பங்கு 'பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்ததாக 'செபி' 2024-ல் தெரிவித்தது. சராசரி நஷ்டம் சுமார் ரூ.2 லட்சம்!

சீட்டுப் பணம், பிள்ளைகள் படிப்புக்கு வைத்த பணம், வட்டிக்கு வாங்கிய பணம்... இவற்றை சந்தைப் பக்கம் கொண்டு போகாமல் இருப்பதே முதல் விதி.