பூட்டு இருந்தும் ஆள் புகலாம்! வை-பை பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஓட்டை

திண்டுக்கல்,

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்ம திண்டுக்கல். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ராத்திரி கடை சாத்தும்போது பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் வீட்டுக்குப் போகமாட்டார்.

ஆனால் கல்லாவுக்கு மேலே பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் வை-பை பெட்டியை யார் பார்க்கிறார்கள்?

பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்பு கேமரா, பாங்கிக் கணக்கு பார்க்கும் செல்போன் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன.

சாவி பூட்டிலேயே!

2017 ஜூலை மாதக் கடைசியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் திடீரென்று செயல் இழந்தன. வெளியிலிருந்து புகுந்த "மால்வேர்" என்ற நாசகார புரோகிராம்தான் காரணம்.

எப்படிப் புகுந்தது? மோடம் வந்தபோது இருந்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டைப் பலர் மாற்றவே இல்லை. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்! உடனே பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களை பி.எஸ்.என்.எல். கேட்டுக் கொண்டது.

"நான் மாத்தியாச்சு, இனி என்ன பயம்?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

சாவியே தேவை இல்லை

2014 டிசம்பரில் இஸ்ரேல் நாட்டின் "செக் பாயிண்ட்" கம்பெனி ஒரு திடுக்கிடும் தகவலை வெளியிட்டது. 189 நாடுகளில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளில் ஒரே ஓட்டை! பாஸ்வேர்டு என்னவாக இருந்தாலும் வெளியாள் உள்ளே வந்து பெட்டிக்கு எஜமான் ஆகிவிடலாம். "மிஸ்பார்ச்சூன் குக்கி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஓட்டை எங்கே? ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பதாக வைத்துக் கொள்வோம். வருகிறவர்கள் சொல்லும் குறிப்பை எழுத அவருக்கு 10 வரிதான். ஒரு ஆசாமி வந்து, "1,000-வது வரியில் எழுது" என்கிறான்.

விவரமானவர், "ஏதுய்யா 1,000-வது வரி?" என்று விரட்டிவிடுவார். ஏமாளியோ வரியை எண்ணிக் கொண்டே போய், முதலாளியின் ஏட்டுக்குள் எழுதிவிடுகிறார். "இனி யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காதே" என்று அங்கே எழுதினால் போச்சு!

அந்த ஏமாளிதான் பெட்டிகளுக்குள் இருந்த "ரோம்பேஜர்" என்ற மென்பொருள். "குக்கி" என்னும் குறிப்புகளுக்கு அதன் நினைவகத்தில் 10 இடங்கள். வந்த எண் பத்துக்குள் இருக்கிறதா என்று அது சரிபார்க்கவில்லை.

9 வருடம் வராத ரிப்பேர்

இதில் கொடுமை என்ன தெரியுமா? மென்பொருளைச் செய்த "அலெக்ரோ" கம்பெனி 2005-லேயே ஓட்டையை அடைத்துவிட்டது. பெட்டி செய்கிறவர்களோ பழைய சரக்கையே உள்ளே வைத்து விற்றுக் கொண்டிருந்தார்கள். 2014-லும் புதுப் பெட்டிக்குள் பழைய ஓட்டை! காசு கொடுத்து வாங்கியவர் என்ன பாவம் செய்தார்?

நமக்கு என்ன?

"நம்ம கடையில் திருட என்ன இருக்கு?" என்று இருந்துவிட முடியாது. பெட்டியைப் பிடித்த ஆசாமி உங்கள் இணைப்பு வழியாக வேறு எங்கோ கைவரிசை காட்டலாம். விசாரணையில் முதலில் சிக்குவது உங்கள் இணைப்பின் முகவரிதான்!

கம்பெனிகள் கைவிட்ட பழைய பெட்டிகளைக் குற்றவாளிகள் இப்படி முகமூடியாகப் பயன்படுத்துவதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2025 மே மாதம் எச்சரித்தது.

செய்ய வேண்டியது

* பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

* "பர்ம்வேர்" எனப்படும் உள் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தால் ஏற்றுங்கள். தெரியாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

* வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் "ரிமோட் மேனேஜ்மெண்ட்" வசதி தேவை இல்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

* புதுப் பதிப்பு வருவது நின்றுபோன பெட்டியை மாற்றிவிடுங்கள்.

* பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த பெட்டி வாங்கும்போது விலையோடு இன்னொன்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதுக்கு எத்தனை வருஷம் புதுப் பதிப்பு வரும்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.