பழைய போனுக்கு எஜமான் யார்? வாங்கும் முன் உஷார்!

கம்மாபுரம்,
கம்மாபுரத்தில் இருந்து விருத்தாசலம் போய் பழைய செல்போன் வாங்குபவரா நீங்கள்? உஷார்! பணம் உங்களுடையது, சாவி ஏதோ ஒரு கம்பெனி கையில் இருக்கலாம்.

ஊழியருக்குக் கொடுக்கும் போனில் நிறுவனங்கள் "எம்.டி.எம்." என்ற கட்டுப்பாட்டைப் போடுவது உண்டு. உட்கார்ந்த இடத்தில் இருந்தே போனைப் பூட்டலாம், அழிக்கலாம். 2021-ம் ஆண்டு அரியானாவில் "ஆஷா" பெண் ஊழியர்கள், இது தங்களை வேவு பார்க்கிறது என்று கொதித்து எழுந்தார்கள். அப்படிப்பட்ட போன், பழைய போனாகவும் விலைக்கு வரலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

பூட்டிய திரையைப் பாருங்கள். "இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்திற்குச் சொந்தமானது" என்று இருந்தால் அது ஆபீஸ் போன். ஐபோனில் "செட்டிங்ஸ்" பக்கத்தின் உச்சியிலேயே எழுதியிருக்கும்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு சார்" என்பார் விற்பவர். நம்பிவிடாதீர்கள்! அழித்த போனிலும், இன்டர்நெட் கிடைத்ததும் பூட்டு திரும்பி வருவது உண்டு. கடையிலேயே அழித்து, இன்டர்நெட் கொடுத்து, முதலில் இருந்து போட்டுப் பாருங்கள். கம்பெனி பெயர் வந்தால் போனை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.